பயனாளியா, பங்காளியா? பழங்குடியினருக்கான மருத்துவப் பணிகளின் கூட்டு வடிவமைப்பும் விருதுநகர் மாவட்டப் பளியரும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணிகளை அம்மக்களோடு சேர்ந்தே வடிவமைக்க வேண்டும் என்னும் கருத்து, 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா அறிக்கை தொடங்கி இன்றுவரை வலியுறுத்தப்பட்டு வருகிறது. தமிழில் இக்கருத்து ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் தொடரால் வழங்குகிறது. அத்தொடர் எதனை உள்ளடக்குகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி ஆகிய இடங்களில் உருவான முன்மாதிரிகளின் வலிமையும் வரம்பும் மதிப்பிடப்படுகின்றன. அவற்றை விருதுநகர் மாவட்டப் பளியரிடம் அப்படியே பெயர்த்து நடுவது இயலாது என்பதும், அதற்குரிய காரணம் பளியரின் சமூக அமைப்பிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

கருச்சொற்கள்: பழங்குடியினர், பளியர், மக்கள் பங்கேற்பு, கூடலூர், சிட்டிலிங்கி, மரபு மருத்துவ அறிவு, வன உரிமைச் சட்டம், விருதுநகர்.

1. முன்னுரை

சாத்தூரைக் கடந்து செல்லும் வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, கரிசல் நிலத்தின் வழியே ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் இரு முகங்களையும் இணைப்பது இந்நீர்வழி. கிழக்கே தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலும் மானாவாரி வேளாண்மையும் சார்ந்த சமவெளி. மேற்கே திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்புப் பகுதிகளை ஒட்டிய மலைச்சரிவு. அச்சரிவில் செண்பகத்தோப்பு போன்ற குடியிருப்புகளில் பளியர் வாழ்கின்றனர். கரிசல் இலக்கியம் இச்சமவெளியின் வறட்சியையும் உழைப்பையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஆனால் மாவட்டத்தைப் பற்றிய பொதுப் பேச்சில் மலைச்சரிவு பெரும்பாலும் சுற்றுலாவாகவோ கோயில் வழிபாடாகவோ மட்டுமே இடம்பெறுகிறது.

2018இல் நடுவண் அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. 2022 சனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை உண்மையான முன்னேற்றங்கள். எனினும் மாவட்டத்தை அலகாகக் கொண்டு சராசரிகளால் அளக்கும் முறைக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. சில நூறு குடும்பங்கள் மட்டுமே உள்ள ஒரு சமூகத்தின் நலம் மேம்பட்டாலும் சீர்குலைந்தாலும் மாவட்டச் சராசரி அசைவதில்லை. எண்ணில் தெரியாதவர்களின் நலத்தைப் பேணுவதற்கு எண்ணுக்கு அப்பாற்பட்ட ஓர் ஏற்பாடு வேண்டும். கூட்டு வடிவமைப்பு என்னும் கருத்தின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

2. சொல்லும் பொருளும்

அரசுத் திட்ட ஆவணங்களில் மக்களைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல் ‘பயனாளி’. பயன் வேறோரிடத்தில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அதைப் பெறுபவர் இவர் என்பதே அச்சொல்லின் உட்பொருள். இதனினும் உயர்ந்ததாகக் கருதப்படுவது ‘பங்கேற்பு’. ஆயினும் ஏற்கெனவே வகுக்கப்பட்ட நிகழ்வில் வந்து கலந்துகொள்வதையும் அச்சொல் குறிக்கும். முகாமுக்கு வந்து கையொப்பமிட்டவர்களின் எண்ணிக்கை பல அறிக்கைகளில் பங்கேற்பாகவே கணக்கிடப்படுகிறது.

தென்மாவட்ட வழக்கில் உள்ள ‘பங்காளி’ என்னும் சொல் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. பொதுச் சொத்தில் உரிமையுடையவர், குலதெய்வ வழிபாட்டில் வரி கொடுப்பவர், கணக்குக் கேட்பவர், உடன்பாடு இல்லையெனில் பாகத்தைப் பிரித்துக் கேட்பவர் பங்காளி. ‘பங்காளிக் காய்ச்சல்’ என்னும் வழக்கு அவ்வுறவின் பூசலையும் சேர்த்தே சுட்டுகிறது. எனவே பங்காளியாக இருப்பது என்பது இணக்கத்தை மட்டும் குறிப்பதன்று. மறுப்பதற்கான உரிமையும் அதில் அடங்கும். மருத்துவப் பணியின் கூட்டு வடிவமைப்பை மதிப்பிடுவதற்கு இச்சொல் தரும் அளவுகோல் எளிமையானது. யார் நோயின் முன்னுரிமையை முடிவு செய்கிறார், யார் பணத்தின் கணக்கைப் பார்க்கிறார், யார் பணியாளரைத் தேர்கிறார், யார் வேண்டாமென்று சொல்ல இயலும் என்னும் நான்கு வினாக்களே அவ்வளவுகோல்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கும்போது நோயுற்றவரையும் அவற்றுள் ஒன்றாக, அதுவும் முதலாவதாக வைக்கிறது. அங்கு நோயுற்றவர் மருத்துவத்தின் செயற்களம் மட்டுமல்லர்; அதன் உறுப்பு. அல்மா ஆட்டா அறிக்கை, தம் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் ஈடுபடுவது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்றது. 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் மேலும் ஒரு படி சென்று, தம்மைப் பாதிக்கும் நலத்திட்டங்களை உருவாக்குவதில் ஈடுபடவும், இயன்றவரை அவற்றைத் தம் சொந்த அமைப்புகள் வழியே நிர்வகிக்கவும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்று அதன் 23ஆம் உறுப்பில் கூறியது. அப்பிரகடனத்திற்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. ஆஸ்திரேலியத் தொல்குடிகள் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் தம் கட்டுப்பாட்டிலான மருத்துவப் பணியை 1971லேயே தொடங்கியிருந்தனர். அலாஸ்காவின் தொல்குடியினர் நடத்தும் சவுத்சென்ட்ரல் ஃபவுண்டேஷன் தன்னிடம் சிகிச்சை பெறுவோரை நோயாளிகள் என்று அழைக்காமல் வாடிக்கையாளரும் உரிமையாளரும் ஆனவர் என்னும் பொருளில் அழைக்கிறது. பங்காளி என்னும் நம் சொல்லுக்கு மிக அருகில் வருவது அது.

3. கூடலூர்: நிலத்திலிருந்து மருத்துவத்திற்கு

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய சமூகத்தினர் வாழ்கின்றனர். 1980களின் நடுவில் அங்குத் தொடங்கப்பட்ட அக்கார்டு என்னும் அமைப்பு மருத்துவத்தைத் தன் முதற்பணியாகக் கொள்ளவில்லை. நில உரிமையையே கொண்டது. ஊர்தோறும் சங்கங்கள் உருவாயின. அவை இணைந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயிற்று. 1988இல் கூடலூரில் பல்லாயிரம் ஆதிவாசிகள் திரண்ட பேரணி அச்சங்கத்தின் வலிமையை வெளிப்படுத்தியது. ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு நலப்பணியாளர் பயிற்சி அளிப்பது 1987 அளவில் தொடங்கியது. அஸ்வினி என்னும் அமைப்பின்கீழ்க் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990இல் உருவானது. 1992இல் சங்க உறுப்பினர்களுக்கான மருத்துவக் காப்பீடு நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் வழியே ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவின் தொடக்ககாலச் சமூகக் காப்பீட்டுத் திட்டங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் அதனைக் குறிப்பிடுகின்றனர்.

இவ்வரிசைமுறை திறனாய்வுக்குரியது. முதலில் நிலம், அடுத்துச் சங்கம், பிறகு ஊர்ப் பணியாளர், அதன்பின் மருத்துவமனை, இறுதியில் காப்பீடு. மருத்துவமனை வந்தபோது அதனிடம் கணக்குக் கேட்கக்கூடிய ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது. பங்காளி முதலில் உருவானான். பங்கு பின்னர் வந்தது. கூடலூரைப் பின்பற்ற விரும்பும் திட்டங்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. கட்டடமும் ஊர்தியும் முதலில் வருகின்றன. அவற்றுக்கு ஒப்புதல் தரும் குழு பின்னர் அமைக்கப்படுகிறது. அவ்வாறு அமையும் குழுவுக்கு மறுக்கும் ஆற்றல் இருக்க இயலாது. ஏனெனில் அத்திட்டமே அக்குழுவைப் பெற்றெடுத்தது.

கூடலூருக்கும் வரம்பு உண்டு. அதன் தொடக்கம் வெளியிலிருந்து வந்த சமூகப் பணியாளர்களையும் மருத்துவர்களையும் சார்ந்திருந்தது. பெருஞ்செலவுச் சிகிச்சைக்கு வெளி நிதி தேவைப்படுகிறது. ஒவ்வொரு மலைக்கும் அத்தகைய மனிதர்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பது கொள்கை ஆகாது. அது நற்பேற்றை நம்பியிருத்தல்.

4. சிட்டிலிங்கியும் கட்சிரோலியும்: வடிவமைப்பின் எல்லை

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி, லலிதா என்னும் மருத்துவ இணையர் 1990களின் முற்பகுதியில் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். மலைவாசிப் பெண்களையே செவிலியராகவும் ஊர் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்ததே அதன் அடித்தளம். காலப்போக்கில் அப்பணி இயற்கை வேளாண்மை உழவர் அமைப்பாகவும், லம்பாடிப் பெண்களின் ‘பொற்கை’ என்னும் பூவேலைக் கூட்டமைப்பாகவும் விரிந்தது. நோயின் வேர் வயலிலும் வருமானத்திலும் இருப்பதைக் கண்ட பின்னர் மருத்துவமனைச் சுவருக்குள் நின்றுவிடாமல் வெளியே வந்தது சிட்டிலிங்கியின் சிறப்பு. கூடலூர் நிலத்திலிருந்து மருத்துவத்திற்கு வந்தது. சிட்டிலிங்கி மருத்துவத்திலிருந்து நிலத்திற்குச் சென்றது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்றே.

மராட்டியத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையரின் ‘சர்ச்’ அமைப்பு நடத்தும் மருத்துவமனை வேறொரு பாடம் தருகிறது. பெரிய கட்டடங்கள் அச்சுறுத்துகின்றன, உறவினர் உடன் தங்க முடிவதில்லை என்று கோண்டு மக்கள் தெரிவித்ததைக் கேட்டு, அவர்கள் வணங்கும் தந்தேசுவரி அன்னையின் பெயரில், குடில்கள் சேர்ந்த ஓர் ஊர்போல அம்மருத்துவமனை அமைக்கப்பட்டது. கேட்டதன் பயனாகக் கட்டடம் மாறியது என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் இத்தகைய எடுத்துக்காட்டுகள் மேற்கோளாகும்போது வெளித்தோற்றமே எளிதில் நகலெடுக்கப்படுகிறது. ஓவியம் தீட்டிய சுவரும் ஓலைக்கூரையும் பண்பாட்டு மதிப்பு என்னும் பெயர் பெறுகின்றன. ஆனால் இவற்றால் முன்கூறிய நான்கு வினாக்களில் ஒன்றுக்கும் விடை கிடைப்பதில்லை.

5. பளியர்: மௌனம் ஒப்புதல் ஆகாது

அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் பளியரிடையே களப்பணி செய்தவர். 1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை பளியர் வாழ்வின் இரு கூறுகளை எடுத்துக்காட்டியது. முதலாவது, ஒருவர்மீது மற்றவர் அதிகாரம் செலுத்தாத சமநிலை மதிப்பு. பூசல் எழுமிடத்தில் எதிர்த்து வாதிடுவதைவிட விலகிச் செல்வதே அவர்கள் வழி. இரண்டாவது, அறிவானது பொதுவில் தொகுக்கப்பட்ட மரபாக அமையாமல், பெருமளவும் அவரவர் பட்டறிவாகவே இருத்தல். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல், காட்டுக்குள் ஒரு நடைமுறையும் சமவெளி மக்களின் அருகில் மற்றொரு நடைமுறையும் மேற்கொள்ளும் பளியரின் இருபண்பாட்டுத் திறனை விளக்கியது.

இக்கருத்துகளை என்றும் மாறாத இயல்பாகக் கொள்ளுதல் தவறு. இன்று பளியர் பலர் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். தோப்புகளில் கூலி வேலை செய்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர். ஆயினும் கார்ட்னரின் பதிவு கூட்டு வடிவமைப்பின் வழக்கமான கருவிகள்மீது ஒரு கடுமையான ஐயத்தை எழுப்புகிறது. கூட்டம் கூட்டுதல், தலைவரைத் தேர்தல், பெரும்பான்மைக் கருத்தை அறிதல், தீர்மானம் நிறைவேற்றுதல் ஆகியவை அனைத்தும் எதிர்த்துப் பேசுவதை இயல்பாகக் கொண்ட சமூகத்திற்குரியவை. விலகுதலே மறுப்பாக உள்ள சமூகத்தில் கூட்டத்தில் எழும் மௌனம் ஒப்புதல் ஆகாது. அடுத்த முறை முகாமுக்கு வராமலிருப்பதே அங்கு எதிர்வாக்கு. ஆனால் அதிகாரிகளின் பதிவேட்டில் முதலாவது ‘ஏகமனதான ஆதரவு’ என்றும், இரண்டாவது ‘விழிப்புணர்வுக் குறைவு’ என்றும் பதிவாகும் வாய்ப்பு மிகுதி. ஒரே மக்களின் ஒரே கருத்து இருமுறை தவறாக மொழிபெயர்க்கப்படுகிறது.

கூடலூர் முன்மாதிரி பளியருக்கு அப்படியே பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. அது சங்கத்தை அச்சாகக் கொண்டது. கூடலூரிலும் காட்டுநாயக்கர் போன்ற உணவு சேகரிப்போர் உள்ளனரே என்று வினவலாம். அங்குப் பல சமூகங்கள் சேர்ந்த பெருந்தொகை அச்சங்கத்தைத் தாங்கியது. விருதுநகர் மலைச்சரிவில் பளியர் சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறியுள்ளனர். அவர்களிடம் சங்கம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. சங்கம் இல்லாமையைப் பங்கின்மைக்குச் சாக்காக்கக் கூடாது என்பதே பொருள். வீடுவீடாக, ஆள் ஆளாக, விடை சொல்லக் காலம் கொடுத்துக் கேட்பதும், வராதவர் ஏன் வரவில்லை என்பதைக் குறைபாடாகக் கருதாமல் கருத்தாகப் பதிவதும் இங்குப் பொருந்தும் முறையாகலாம்.

அரசின் பகுப்பும் இங்கு ஒரு தடையே. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களே நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன்மன் திட்டம் இவ்வகையினருக்கு உரியது. பளியர் இப்பட்டியலில் இல்லை. பழங்குடிகளின் பொதுப்பட்டியலிலோ ஒலிப்பில் நெருங்கிய மூன்று பெயர்கள் தனித்தனி இனங்களாக இடம்பெற்றுள்ளன. ஒரு பெயருக்கு மூன்று இடம் உண்டு. ஆனால் சிறப்புத் திட்டத்தில் ஓர் இடமும் இல்லை.

6. மரபு மருத்துவ அறிவும் ஆய்வாளர் பொறுப்பும்

பளியரின் மூலிகை அறிவைப் பட்டியலிடும் தாவரவியல் கட்டுரைகள் தேனி, மதுரை, திண்டுக்கல், விருதுநகர் மலைப்பகுதிகளை மையமாகக் கொண்டு பல வெளிவந்துள்ளன. தாவரப் பெயர், பயன்படும் பகுதி, தீர்க்கும் நோய் என்னும் அட்டவணை அவற்றின் பொதுவான அமைப்பு. அறிவைத் தந்தவரின் நோய்கள் எவை, அவருக்குக் கிட்டும் மருத்துவம் எது என்னும் வினாக்களுக்கு அவ்வட்டவணையில் பத்தி இல்லை. கேட்கப்பட்டவர் அங்கும் தகவலாளியே அன்றிப் பங்காளி அல்லர்.

இதற்கு எதிர்முனையில் காட்டப்படுவது கேரளத்துக் காணிக்காரர்களின் எடுத்துக்காட்டு. அகத்தியமலைப் பகுதியில் காணிகள் களைப்பு நீங்க உண்ட ஆரோக்கியப்பச்சை என்னும் செடி, 1987இல் அறிவியலாளரின் கவனத்திற்கு வந்தது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாகி, 1990களின் நடுவில் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு அளிப்பது என முடிவாகி, 1997இல் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. நன்மைப் பகிர்வுக்கு உலக அளவில் சான்றாக இது பேசப்பட்டது. எனினும் காணிகள் அனைவரும் கலந்தாலோசிக்கப்படவில்லை என்னும் குறை எழுந்தது. காட்டிலிருந்து அச்செடியைச் சேகரிப்பதற்கு வனத்துறையின் தடையும் நின்றது. பணத்தில் பங்கு கிடைத்தது. காட்டில் பங்கு கிடைக்கவில்லை.

கார்ட்னர் கூறியவாறு பளியரின் அறிவு தனியாள் பட்டறிவாக இருக்குமெனில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஊர்த்தலைவர் ஒருவரின் கையொப்பம் அனைவரின் அறிவுக்கும் இசைவாகாது. பல்கலைக்கழகங்களின் ஆய்வு அறநெறிப் படிவங்கள் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும். முடிவுகளை எளிய தமிழில் அக்குடியிருப்புக்கே திரும்பக் கொண்டுசென்று, அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிய பின்னரே வெளியிடுதல் குறைந்தபட்ச நெறியாக அமையலாம்.

7. கரிசலிலிருந்து ஓர் ஒப்பீடு

பங்கு செலுத்துவதால் மட்டும் ஒருவர் பங்காளி ஆகிவிடுவதில்லை என்பதற்குச் சமவெளியிலேயே சான்றுண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, நிறுவனம் 3.25 விழுக்காடு செலுத்துகிறது. ஆனால் தன் ஊர் மருந்தகத்தில் எந்நேரம் மருத்துவர் இருக்க வேண்டும் என்று கூறும் இடம் அத்தொழிலாளிக்கு நடைமுறையில் இல்லை. கூடலூர்க் காப்பீட்டில் செலுத்தும் தொகையோடு கேட்கும் உரிமையும் சங்கத்தின் வழியே சேர்ந்து வந்தது. வேறுபாடு தொகையில் இல்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; உதவச் சென்ற சுற்றுவட்டார மக்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்திலும் பேரிழப்பு நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் தீக்காயப் பிரிவு, அவசர ஊர்தி, இழப்பீடு ஆகியவை பேசப்படுகின்றன. எந்த மருந்துக்கலவை எந்த வெயிலில் சூடேறும், எந்த அறையில் எத்தனை பேர் நெருங்கி அமர்ந்துள்ளனர் என்பதை நாள்தோறும் அறிந்த தொழிலாளியின் அறிவு பாதுகாப்பு வடிவமைப்பில் இடம்பெறும் வழி தெளிவாக இல்லை. பட்டாசுத் தொழிலாளி பழங்குடி அல்லர். இருவரின் வரலாறும் உரிமையும் வேறு. ஆயினும் அறிந்தவரைக் கேளாமல் அவருக்காகத் திட்டமிடும் பழக்கம் மலைக்கும் சமவெளிக்கும் பொதுவாக உள்ளது.

8. சட்டம் திறந்துவைத்துள்ள வாயில்

தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாமையால் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்குப் பொருந்தாது. எஞ்சியிருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட தடையால் பட்டா வழங்குதல் தேங்கி, 2016இல்தான் அத்தடை நீங்கியது. அச்சட்டத்தின் 3(2) பிரிவு, மருந்தகம் அல்லது மருத்துவமனை உள்ளிட்ட தேவைகளுக்கு ஒரு எக்டேருக்குக் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்தக் கிராம சபையின் பரிந்துரையை நிபந்தனையாக்குகிறது. பல்லுயிர் வளத்தை அணுகவும் மரபறிவின்மீது சமூக உரிமை கொள்ளவும் 3(1) பிரிவு வழிசெய்கிறது. ஆகவே மலைச்சரிவில் மருத்துவப் பணிக்கு மக்களின் சொல் தேவை என்பது நல்லெண்ணம் மட்டுமன்று. சட்டத்தின் கூறும் ஆகும். 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பின்னர் இவ்வுரிமைகளின் முதன்மை கூடியுள்ளது. கிழங்கும் தேனும் எடுக்கும் வழி அடைபடுமாயின் உணவு குறையும். உணவுக் குறையை மாத்திரையால் ஈடுசெய்ய இயலாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இல்லம் தேடி வருவதால் மலைக் குடியிருப்புகளுக்குப் பெரிதும் ஏற்றது. ஆனால் எந்த நோய்களைத் தேட வேண்டும் என்னும் பட்டியல் முன்பே வகுக்கப்பட்டது. 2023 சூலையில் தொடங்கிய தேசிய அரிவாள்செல் சோகை ஒழிப்பு இயக்கம் மரபணு நிலையைக் காட்டும் அட்டைகளை வழங்குகிறது. அவ்வட்டை திருமண உறவுகளைத் தொடுவது. அதன் பொருளைத் தம் மொழியில் தம்மவரே விளக்கக் கேளாத சமூகத்திடம் அது அறிவாகச் சேராமல் முத்திரையாகச் சேரும் இடர் உண்டு.

9. முடிவுரை

கூடலூரும் சிட்டிலிங்கியும் மெய்ப்பித்தது, பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்தவர்கள் பயிற்சியும் பொறுப்பும் பெற்றால் தம் மருத்துவப் பணியைத் தாமே தாங்குவர் என்பதாகும். ஆயினும் அவை தனித்த நிறுவனங்களின் சாதனையாகவே நிற்கின்றன. விருதுநகர் மலைச்சரிவில் ஒரு தனி மருத்துவமனை எழ வேண்டும் என்பதில்லை. குடியிருப்பிலிருந்தே ஒரு பெண் ஊதியமுள்ள நலப்பணியாளராக அமர்த்தப்படுதல், முகாமின் நாளையும் நோக்கத்தையும் குடியிருப்பே முடிவு செய்தல், செலவுக் கணக்கு அங்கேயே வாசிக்கப்படுதல், வராமையை மறுப்பாக மதித்து அடுத்த முறையை மாற்றியமைத்தல் ஆகிய நான்கும் இன்றுள்ள அரசு அமைப்புக்குள்ளேயே இயலக்கூடியவை. இவற்றுள் முதல் மூன்றுக்கும் ஆணை போதும். நான்காவதற்கு மௌனத்தைப் படிக்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை மருத்துவக் கல்லூரி மட்டும் தர இயலாது. வழக்காற்றியலும் மானிடவியலும் மொழியியலும் கற்பிக்கும் தமிழ்த்துறைகளுக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. பளியரைப் பற்றி எழுதுவதிலிருந்து பளியரோடு சேர்ந்து எழுதுவதற்கு நம் ஆய்வுகள் நகருமாயின், அந்நகர்வே மருத்துவத் துறைக்கு நாம் தரக்கூடிய முதற்சான்றாக அமையும்.